வண்டி ஏன் இப்படிப் பண்ணுகிறது? கார் ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருச்சியில் பதினான்கு வருஷம் வாடகைக் கார் ஓட்டினேன். இப்போது சொந்த வண்டி ஒன்றுதான். ஆனாலும் ஸ்டாண்டில் பழகிய தம்பிகளும் சொந்தக்காரர்களும் வண்டியில் ஏதாவது என்றால் முதலில் எனக்குத்தான் போன் அடிக்கிறார்கள். நான் மெக்கானிக் இல்லை. ஸ்பேனர் பிடித்ததைவிட ஸ்டீயரிங் பிடித்ததுதான் அதிகம். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன். எல்லாம் பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கானவை.

காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக் டிக்' என்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் மோட்டார் போய்விட்டதா அண்ணே?

பெரும்பாலும் இல்லை. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு மங்கிப்போய், 'டிக் டிக்' என்று வேகமாகச் சத்தம் வந்தால் பேட்டரியிலிருந்து போதுமான கரன்ட் போகவில்லை. விளக்கு பளிச்சென்றே இருந்து ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால், அப்போது இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் பக்கம் பார்க்கலாம்.

பேட்டரியைக் குறை சொல்லும் முன் பானட்டைத் திறந்து அதன் இரண்டு முனைகளையும் பாருங்கள். நான் இதில் பட்டிருக்கிறேன். ஒருமுறை வண்டி இப்படியே படுத்துவிட்டது. பட்டறைக்குப் போய் பெரிய விவரம் தெரிந்தவன் மாதிரி "ஆல்டர்னேட்டர் போச்சு, மாத்திடுங்க" என்றேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பாகம் அது. மாற்றினார்கள். நாலாம் நாள் அதே 'டிக் டிக்'. பிளஸ் முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்த பொடியை ஒரு பெரியவர்தான் காட்டினார். கிளாம்ப்பைக் கழற்றி, வெந்நீர் ஊற்றி, பழைய டூத் பிரஷால் தேய்த்துத் துடைத்து இறுக்கினோம். ஒரே திருப்பில் ஸ்டார்ட். தப்பு பட்டறையின் மேல் இல்லை, நான் கேட்டதைத்தான் அவர்கள் செய்தார்கள். அன்றிலிருந்து பட்டறையில் பாகத்தின் பெயரை நான் வாயில் எடுப்பதில்லை. என்ன ஆகிறது, எப்போது ஆகிறது, இந்த இரண்டைத்தான் சொல்வேன்.

முந்நூறு, நானூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை இரவு முழுக்க நிறுத்திய பிறகு 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது.

ஜம்ப் ஸ்டார்ட் ஒயரை எந்த வரிசையில் மாட்டுவது? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

சிவப்பு ஒயரின் ஒரு முனை செத்த பேட்டரியின் பிளஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸில். கறுப்பு ஒயரின் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸில், கடைசி முனை படுத்துக் கிடக்கும் வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில். கடைசி முனையை மாட்டும்போது பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும் என்பதால்தான் அந்தப் பொறியைத் தள்ளி வைக்கிறோம். கழற்றும்போது இதே வரிசையைத் தலைகீழாகச் செய்யுங்கள்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவல் கியருக்கு மட்டும். இரண்டாவது கியர், கிளட்சை மிதித்துத் தள்ளி, வேகம் பிடித்ததும் விடுவது. ஆட்டோமேட்டிக் வண்டியை ஊரே சேர்ந்து தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது.

பேட்டரி எத்தனை வருஷம் வரும்?

நம் வெயிலுக்கு மூன்று, நான்கு வருஷம். ஐந்து வந்தால் உங்கள் அதிர்ஷ்டம். மூன்று தாண்டிவிட்டால் வெளியூர் போகும் முன் ஒருமுறை கடையில் சோதித்துவிடுங்கள், அவ்வளவுதான்.

டேஷ்போர்டில் சூட்டு முள் மேலே ஏறுகிறது. என்ன செய்வது?

ஏ.சி.யை அணையுங்கள். ஹீட்டரை முழுதாகப் போடுங்கள். மே மாதத்தில் ஹீட்டரா என்று கேட்காதீர்கள். இன்ஜின் சூட்டில் ஒரு பங்கை அது காருக்குள் இழுத்துவிடும். கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஓரம் கட்டும் இடத்தைத் தேடுங்கள். முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், நின்று அணைத்துவிடுங்கள்.

அப்புறம்தான் முக்கியமான விஷயம்: ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் இருக்கிறது. நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருப்பதே அந்த அழுத்தத்தால்தான். மூடி திறந்த நொடியில் அழுத்தம் போய், மொத்தமும் கொதித்து முகத்துக்கு வரும். துணியைச் சுற்றித் திறக்கிறேன் என்ற ஒருவரின் முன்கை முழுக்கத் தோல் உரிந்ததை நான் கண்ணால் பார்த்தேன். முக்கால் மணி நேரம் பொறுங்கள். தண்ணீர் ஊற்றுவதானாலும் இன்ஜின் ஆறிய பிறகுதான். சுடச்சுட இருக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீர் போனால் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் விரிசல் விடும்.

எங்கே சூடாகிறது என்பதைக் கவனித்திருந்தால் பாதி வேலை முடிந்தது. காந்தி மார்க்கெட் நெரிசலில் முள் ஏறி, பைபாஸில் வேகம் எடுத்ததும் இறங்கினால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. ஃபியூஸ், ரிலே, ஃபேன் மோட்டார் என்று பார்க்கச் சொல்லுங்கள். ஊருக்குள் சரியாக இருந்து, நெடுஞ்சாலையிலோ மேட்டிலோ ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், அல்லது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைவு. இந்த ஒரு வரியைப் பட்டறையில் சொன்னால் போதும், நல்ல மெக்கானிக் நேராக அந்த இடத்துக்குப் போவார்.

போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். வெந்நீர் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பிடிக்கிறதே, அதேதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் பிடிக்கும். வழியில் வேறு வழியில்லை என்றால் ஊற்றி ஊர் வந்து சேருங்கள். வந்ததும் அதை வடித்துவிட்டு கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிப் பாதி கலந்து ஊற்றிவிட வேண்டும்.

கூலன்ட் வெளியே ஒழுகாமலேயே குறைந்துகொண்டு வருகிறதா? ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். பால் காபி நிறத்தில் நுரை தடிமனாக ஒட்டியிருந்தால் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டாதீர்கள்.

ஏ.சி. போட்டால் வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறது.

சொட்ட வேண்டும். சொட்டாமல் முன்சீட்டின் கால்மிதி நனைந்தால்தான் பிரச்சினை, வடிகுழாய் அடைத்திருக்கிறது. கீழே விழுவது பச்சையாகவோ ரோஸாகவோ பிசுபிசுவென்று இருந்தால் அது கூலன்ட்.

ஏ.சி. குளிரவில்லை. வருஷா வருஷம் கேஸ் ஏற்ற வேண்டும் என்கிறார்களே?

கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. ஒரே வருஷத்தில் குறைந்துவிட்டது என்றால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. முதலில் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரை உருவிப் பாருங்கள். காற்றே குறைவாக வருகிறது என்றால் பெரும்பாலும் அதுதான். என் மைத்துனன் வண்டியில் இருந்து எடுத்தபோது வேப்பிலையும் தூசியும் சேர்ந்து அடை தட்டியது போல இருந்தது.

ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் வெறும் காற்று வருகிறதா? முன்பக்கக் கண்டென்சர் அழுக்கு அல்லது அதன் ஃபேன். இதையும் அப்படியே பட்டறையில் சொல்லுங்கள்.

டயரில் எவ்வளவு காற்று? வெயில் காலத்தில் குறைத்து வைக்க வேண்டுமா? நைட்ரஜன் நல்லதா?

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும், சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உள்ளே. அதில் போட்டிருப்பதுதான் அளவு. நிறைய கார்களுக்கு 30 முதல் 35 பி.எஸ்.ஐ.க்குள் வரும். ஆள் நிறைய, டிக்கி நிறையச் சாமான் என்றால் பின்டயருக்குத் தனி அளவு போட்டிருப்பார்கள்.

வெயிலுக்குக் காற்றைக் குறைக்கச் சொல்வது தவறான யோசனை. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிரும். அந்த மடங்கலில்தான் சூடு பிறக்கிறது. நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கு அது பெரிய காரணம். காலையில் டயர் சில்லென்று இருக்கும்போது பாருங்கள். ஓடி வந்த சூட்டில் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூடுதலாகத்தான் காட்டும், அதைத் திறந்துவிடாதீர்கள்.

நைட்ரஜன் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் சும்மா கிடைக்கிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் இருக்கிறது. நான் காசு கொடுத்து அடைத்ததில்லை. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று மட்டும் மாதம் ஒருமுறை பாருங்கள். பஞ்சரான இரவில்தான் அதுவும் தட்டையாக இருப்பது தெரியும்.

டயரில் தடம் நன்றாக இருக்கிறது. எப்போது மாற்றுவது?

தடம் மட்டும் போதாது, வயதும் பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2219 என்றால் 2019-ம் ஆண்டின் 22-வது வாரத்தில் செய்தது. ஐந்தாறு வருஷம் தாண்டியதும், பக்கச் சுவரில் நுண்ணிய வெடிப்பு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் தடம் பளிச்சென்று இருந்தாலும் கழற்றிவிடுவேன். தடத்தின் பள்ளத்துக்குள் சின்னச் சின்ன மேடுகள் உண்டு. தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், மாற்றியே ஆக வேண்டும்.

ஸ்டீயரிங் ஆடுகிறது. வீல் அலைன்மென்டா, பேலன்சிங்கா?

எண்பது, தொண்ணூறில் நடுங்கி, வேகம் குறைந்தால் நின்றால் பேலன்சிங். கையை லேசாக விட்டால் ஒரு பக்கம் இழுத்தால் அலைன்மென்ட். ஆனால் முதலில் காற்றைச் சரிபாருங்கள், ஒரு பக்கம் குறைந்திருந்தாலும் இழுக்கும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க் சீராகத் தேயவில்லை. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கிச் சக்கரங்கள் பக்கம் கையைக் கொண்டுபோனால் ஒன்று மட்டும் அனலாக அடிக்கிறதா? அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது அண்ணே. என்னவாக இருக்கும்?

'ஏதோ சத்தம்' என்றால் நான் என்ன சொல்வது! நாலு விஷயம் கவனித்துவிட்டு வாருங்கள்: எந்த மூலையில், எந்த வேகத்தில், நேரே போகும்போதா திரும்பும்போதா, இன்ஜின் ஆறியிருக்கும்போதா சூட்டிலா.

ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது 'டக் டக் டக்' என்று சக்கரச் சுற்றுக்கு ஏற்ற மாதிரி வந்தால் ஆக்சில் ஜாயின்ட். அதன் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியே தெறித்து, மண் உள்ளே போயிருக்கும். சக்கரத்தின் பின்னால் குனிந்து பார்த்தாலே கறுப்பாக அப்பியிருப்பது தெரியும். உறை கிழிந்த அன்றே பார்த்தால் உறைக்கு மட்டும் செலவு. ஸ்பீடு பிரேக்கரில் 'கடகட', 'டொக்கு' என்றால் ஸ்டெபிலைசர் லிங்க், புஷ், ஷாக் அப்சார்பர் மேல்பகுதி. நம்மூர் ரோட்டில் எல்லோருக்கும் ஒருநாள் வரும், பயப்பட வேண்டாம். ஐம்பதுக்கு மேல் 'ஊஊம்' என்று விமானம் போல் ஒலித்து, ஸ்டீயரிங்கை லேசாக ஒரு பக்கம் சாய்த்தால் கூடியும் மறுபக்கம் சாய்த்தால் குறைந்தும் வந்தால் வீல் பேரிங். இதைத் தள்ளிப்போடாதீர்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கீச்' என்று கத்திவிட்டு அடங்கினால் பெல்ட்.

பிரேக் மிதித்தால் மெல்லிய விசில் வருவது பேடு தேய்ந்ததற்கான அறிகுறி. பேடிலேயே அதற்கென்று ஒரு தகடு வைத்திருக்கிறார்கள். அது 'கரகர' என்று மாறினால் இரும்பும் இரும்பும் உரசுகிறது. டிஸ்க்கும் சேர்ந்து போகும், பில் மூன்று மடங்காகும்.

ஒருவர் இரண்டு வாரமாக 'பின்னால் லொடலொட' என்று அலைந்தார். ஷாக் அப்சார்பர் மாற்றப் பேசி முடித்துவிட்டார். டிக்கியைத் திறந்தால் ஜாக்கி அதன் இடத்தில் மாட்டாமல் உருண்டுகொண்டிருந்தது.

மலை இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் போகுமா?

போகும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைக்கு 40. ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 வளைவுதான், ஆனால் இறக்கம் செங்குத்து. பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தபடி இறங்கினால் பேடும் டிஸ்க்கும் பழுக்கின்றன. அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறி, அது கொதித்துக் குமிழி விடுகிறது. ஆயிலை அழுத்தினால் பிரேக்குக்குப் போய்ச் சேரும். குமிழியை அழுத்தினால் அது சுருங்கும், அவ்வளவுதான். பெடல் பஞ்சு மூட்டை மாதிரி உள்ளே போகும். கொல்லிமலையில் சனி, ஞாயிறு மாலைகளில் காரவள்ளி அடிவாரத்தில் நின்று பாருங்கள், இறங்கி வரும் வண்டிகளில் பாதிக்குக் கருகின வாடை அடிக்கும்.

ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர். பெரும்பாலும் இரண்டாவது, வளைவில் முதலாவது. இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை விட்டு விட்டு, அழுத்தமாக, குறைந்த நேரம் மிதியுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் 'எல்' அல்லது மேனுவல் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்று சொல்பவர் சொல்லை நம்பாதீர்கள். இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிகள் கியரில் ஆக்சிலேட்டரை விட்டு இறங்கும்போது எரிபொருளை அறவே நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடுவதற்குக் கொஞ்சம் செலவாகும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேரச் சீக்கிரம் கொதிக்கும். அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி அரை மணி ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிக்கொள்ளும். அப்புறம், மேலே ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இது மரியாதைக்குச் சொன்னது இல்லை, சட்டமே அப்படித்தான்.

கிளட்ச் எவ்வளவு கிலோமீட்டர் வரும்?

கிளட்ச் பெடல் மேல் காலை வைத்தே ஓட்டுபவருக்கு முப்பதாயிரம், மற்றவர்களுக்கு எண்பதாயிரம், ஒரு லட்சம். ஆக்சிலேட்டர் கொடுத்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி இழுக்கவில்லை என்றால் நாள் நெருங்கிவிட்டது.

இ20 பெட்ரோல் வந்த பிறகு மைலேஜ் குறைந்துவிட்டது. உண்மையா, மனப்பிரமையா?

இரண்டும் கலந்தது. இ20 என்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதனால் கொஞ்சம் குறைவது இயற்கை. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10-க்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021-ல் மத்திய அரசின் நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. இருபது கொடுத்த வண்டி பன்னிரண்டுதான் தருகிறது என்றால் பழியை எத்தனால் மேல் போடாதீர்கள், வேறு கோளாறு இருக்கிறது.

2023 ஏப்ரலிலிருந்து வந்த வண்டிகள் இ20-க்கு ஏற்றவை. அதற்கு முந்தைய வண்டிகளில், முக்கியமாகப் பத்து வருஷம் தாண்டியவற்றில், பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்களைச் சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்துகிற பழக்கத்தையும் விடுங்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

டேஷ்போர்டு காட்டும் மைலேஜை நம்பி வருத்தப்பட வேண்டாம். ஃபுல் டேங்க் போட்டு, ரீடிங்கைக் குறித்து, முந்நூறு நானூறு கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்க்கில் குழாய் முதல் முறை 'டக்' என்று தானாக நிற்கும் வரை மறுபடி நிரப்பி வகுத்துப் பாருங்கள். மூன்று முறை செய்தால்தான் கணக்கு.

டீசல் வண்டியில் டி.பி.எஃப். விளக்கு எரிகிறது.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது, அதுதான் டி.பி.எஃப். நிறைந்ததும் வண்டி அதைத் தானே எரித்துச் சுத்தம் செய்யும். ஆனால் அதற்குச் சூடு வேண்டும். தினமும் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், கடை என்று மூன்று கிலோமீட்டர் ஓட்டினால் அந்தச் சூடு வராது. விளக்கு எரிந்தால் பைபாஸில் அறுபதுக்கு மேல் இருபது நிமிடம் சீராக ஓட்டுங்கள். நடுவில் அணைக்காதீர்கள். பாதியில் பாதியில் நிறுத்திக்கொண்டே இருந்தால் டீசல் போய் இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு கூடினால் சந்தோஷப்பட வேண்டாம், அது டீசல். மாதம் ஐந்நூறு கிலோமீட்டர்கூட ஓட்டாதவர்கள் டீசல் வண்டி வாங்குவதே எனக்குப் புரியாத விஷயம்.

டீசல் வண்டியில் பெட்ரோல் போட்டுவிட்டார்கள்!

ஸ்டார்ட் செய்யாதீர்கள். சாவியைக்கூடத் திருப்பாதீர்கள், சில வண்டிகளில் அதற்கே பம்ப் ஓடத் தொடங்கும். நியூட்ரலில் தள்ளி ஓரம் கட்டி, டேங்கை வடிக்க ஏற்பாடு செய்யுங்கள். டீசலின் வழுவழுப்பில்தான் உள்ளே பம்ப்பும் இன்ஜெக்டரும் உயிர் வாழ்கின்றன, பெட்ரோல் அதைக் கழுவிவிடும். பில்லை வாங்கிப் பத்திரமாக வையுங்கள், பங்க்கோடு பேச அது வேண்டும். பங்க்கில் இறங்கி நின்று, பையனிடம் "டீசல்" என்று சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பது என் பழக்கம்.

டேஷ்போர்டில் விளக்கு எரிந்தால் உடனே நிறுத்த வேண்டுமா?

நிறம் பாருங்கள். சிவப்பு என்றால் நில், மஞ்சள் என்றால் சீக்கிரம் காட்டு. சிவப்பில் எண்ணெய்க் கிண்டி மாதிரி ஒன்று எரிந்தால் ஆயில் பிரஷர் இல்லை. அடுத்த பங்க் வரை போய்விடலாம் என்று நினைப்பதற்குள் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். மஞ்சள் இன்ஜின் விளக்குக்கு, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் போட்டால் பிழைக் குறியீடு (கோடு) காட்டும். கோடு சொல்வது எந்த இடத்தில் குறை என்று மட்டும்தான், எந்தப் பாகத்தை மாற்று என்று இல்லை. சென்சார் கோடு வந்தது என்று சென்சாரை மாற்றிவிட்டு, அதன் ஒயர் அறுந்து கிடந்ததைப் பிறகு பார்த்தவர்கள் உண்டு.

எலி ஒயரைக் கடித்துவிட்டது. என்ன வைத்தால் வராது?

நிச்சயமான மருந்து ஒன்றும் இல்லை. ஸ்டாண்டில் எல்லோரும் புகையிலையைத் துணியில் முடிந்து பானட்டுக்குள் கட்டுவார்கள், வாடை இருக்கும் வரை ஓரளவு பலன் உண்டு. நாப்தலின் உருண்டை வாடை ஏ.சி. வழியாக உள்ளே வந்து நமக்குத்தான் தலைவலி. காற்றுப் போகும் இடங்களில் கம்பி வலை அடிப்பதும், காருக்குள் முறுக்கு, பிஸ்கட் தூள் இல்லாமல் வைப்பதும், இரண்டு நாளுக்கு ஒருமுறை வண்டியை நகர்த்துவதும் அதைவிட மேல். சூடான இன்ஜின் பக்கத்தில் எரியக்கூடிய எதையும் அடைத்து வைக்காதீர்கள்.

மழை வெள்ளத்தில் கார் நின்றுவிட்டது. தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்யலாமா?

கூடாது. காற்று இழுக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், பிஸ்டன் மேலே வரும்போது நசுக்க முடியாத தண்ணீரில் முட்டும். காற்றை நசுக்கலாம், தண்ணீரை முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 2015 டிசம்பரில் சென்னையில் இப்படித்தான் பல இன்ஜின்கள் போயின. அந்தப் பாடத்தில்தான் 2023 டிசம்பர் புயலுக்கு முன் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, போட்டோ எடுத்து, இன்சூரன்ஸுக்குச் சொல்லி, இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். முழு இன்சூரன்ஸில் வெள்ளச் சேதம் உண்டு. ஆனால் தண்ணீரில் நின்றதை நீங்களே ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், 'இன்ஜின் புரொடெக்ட்' தனியாக எடுத்திருந்தால் தவிர, மறுத்துவிடுவார்கள்.

சின்னக் கீறல். கிளெய்ம் போடலாமா மாமா?

போடும் முன் கணக்குப் போடுங்கள். கிளெய்ம் இல்லாத வருஷங்களுக்கு ஏற்ப சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி ஏறும். ஒரே கிளெய்மில் அது பூஜ்யத்துக்கு வரும். மூவாயிரம் ரூபாய் பட்டி, பெயின்ட் வேலைக்காக ஐம்பது சதவீதத்தை விடாதீர்கள். இந்தத் தள்ளுபடி காருக்கு இல்லை, உங்களுக்கு. பழைய வண்டியை விற்றாலும் புது வண்டிக்குக் கொண்டுபோகலாம். ஷோரூமில் தானாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால்?

நாலு இண்டிகேட்டரையும் போட்டு, முக்கோணப் பலகையை ஐம்பது மீட்டராவது பின்னால் வைத்து, எல்லோரும் இறங்கித் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். காருக்குள் உட்கார்ந்திருக்கவே கூடாது. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்குக் கூப்பிடலாம்.

ஆயுத பூஜைக்கு மாலை போட்டு ஊரைச் சுற்றி வந்தேன், சூட்டு முள் ஏறிவிட்டது. திருஷ்டியா?

மாலைதான். முன்பக்க கிரில் முழுக்கச் சாமந்தியும் வாழை இலையுமாக மூடினால் ரேடியேட்டருக்குக் காற்று எங்கிருந்து வரும்? பானட்டின் மேல் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பூஜை முடிந்ததும் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். சந்தனத்தைப் பின்னால் கேமராவின் மேல் அப்பாமல் பக்கத்தில் வையுங்கள். போன வருஷம் பூஜைக்கு மறுநாள் காலையில் ஒரு தம்பி "ரிவர்ஸ் கேமரா அவுட்டு அண்ணே" என்று வந்தான். ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்து அனுப்பினேன்.